தொண்ணூறுக்குக் கீழே

"தொண்ணூறுக்குக் கீழ வாங்க சார். அப்புறம் தேதி பேசலாம்."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் சிறுநீரக டாக்டர் இப்படிச் சொன்னபோது நான் நூற்று நான்கு கிலோ இருந்தேன். என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் அவளைக் கூட்டிப் போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுக்கவைத்துக் கூட்டி வருவேன். மாற்றுக் கிட்னி வைத்தால்தான் விடிவு என்றார்கள். ரத்தம் பார்த்தார்கள், என்னுடையது சேர்ந்தது. குடி இல்லை, சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் எல்லையைத் தொட்டு நின்றது. குறுக்கே வந்தது என் வயிறு. இந்த எடையில் அறுத்தால் எனக்கும் ஆபத்து, மிஞ்சுகிற ஒரு கிட்னியும் இத்தனை கிலோ உடம்பை ரொம்ப நாள் இழுக்காது என்றார் டாக்டர்.

"ஆறு மாசம் எடுத்துக்கங்க. மாசத்துக்கு ரெண்டு, மிஞ்சினா ரெண்டரை கிலோ. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. சோத்தைப் பாதியாக்குங்க, காய் நெறைய சாப்பிடுங்க, தினமும் நடங்க. முடியறதை மட்டும் குறி வைங்க."

மாசத்துக்கு இரண்டு கிலோவாம்! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே படுத்திருக்கிறவள் உதடு வெடித்து, கால் வீங்கி, ஊசி ஏற்றி ஏற்றிக் கை கயிறாக முறுக்கிக் கிடக்கிறாள். இந்த மனிதர் ரேஷன் கடைக்காரர் மாதிரி இந்த மாதத்துக்கு இவ்வளவு, அடுத்த மாதத்துக்கு இவ்வளவு என்று அளக்கிறார். சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆறு மாதமெல்லாம் ஆகாது, ஒரே மாதத்தில் வந்து இவர் முன்னால் நிற்கிறேன் என்று லிஃப்டுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக் கோழிப் பண்ணை. இருபத்தெட்டு வருடமாக எடையோடுதான் என் பிழைப்பு. வாரா வாரம் ஷெட்டுக்கு நூறு கோழியைப் பிடித்து நிறுப்போம். கூடினால் தீவனத்தைக் குறைப்போம், குறைந்தால் கூட்டுவோம். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் தட்டில் எத்தனை கிராம் என்று மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலில் மோல்டிங் என்று ஒன்று உண்டு. கோழிக்கு வயதாகி முட்டை குறைந்தால் சிலர் கழித்துவிடுவார்கள். சிலர் பட்டினி போடுவார்கள். தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்பது. பத்துப் பன்னிரண்டு நாளில் உடம்பில் கால் பங்கு இறங்கி, பழைய இறகெல்லாம் கொட்டிப் போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் வைத்தால் புது இறகு முளைத்துக் கோழி மறுபடியும் முட்டை வைக்கும். இப்போது அப்படிச் செய்யக்கூடாது என்கிறார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் வாலிபத்தில் எத்தனையோ பேட்சை அப்படி இறக்கி ஏற்றியிருக்கிறேன். அன்றைக்குக் காரை ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். நூற்று நான்கில் கால் பங்கு இருபத்தாறு. எனக்கு வேண்டியது பதினான்கு கிலோதானே. கோழிக்கே முடியும்போது எனக்கு முடியாதா?

பக்கத்து சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த மனைவி, "என்னங்க, தானாச் சிரிக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாளே ஆரம்பித்தேன். வீட்டில் கேட்டால் பண்ணையில் சாப்பிட்டேன் என்பேன், பண்ணையில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்பேன். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்தான். ஷெட்டில் தொங்கிய தீவனக் கணக்கு அட்டை ஒன்றைக் கழற்றிப் பின்பக்கத்தில் என் எடையை எழுதினேன். மூன்றாம் நாள் தலை பிளந்தது. ஐந்தாம் நாள் பசியே போய்விட்டது. அட, இவ்வளவுதானா பட்டினி என்று எனக்குக் கர்வம். நூற்று நான்கு, நூற்று இரண்டு, நூறு, தொண்ணூற்றெட்டு. அட்டையைப் பார்க்கப் பார்க்க அந்த டாக்டரை ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

வயிறு காந்தினால் தண்ணீர். சொம்பு சொம்பாகக் கவிழ்ப்பேன். ஆறாம் நாள் சாயங்காலம் சமையலறையில் நின்று மடக்மடக்கென்று குடித்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் அவள் நிற்கிறாள். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் போனால் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். அவள் பார்த்தது என்னை இல்லை, என் கழுத்தில் ஒழுகிய தண்ணீரை. "அப்படி என்னங்க தாகம்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அப்படியே செத்துப் போகலாம் என்றிருந்தது. அதற்குப் பிறகு கேனில் பிடித்துக்கொண்டு போய்ப் பண்ணையில் குடித்தேன். பட்டினியை மட்டும் விடவில்லை. இன்னும் சீக்கிரம் இறக்க வேண்டும் என்ற வெறிதான் கூடியது.

பன்னிரண்டாம் நாள் தொண்ணூற்றைந்து. இன்னும் ஐந்தே கிலோ. அன்று காலை பதினொரு மணிக்கு மேல்ஷெட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று ஏறினேன். எங்கள் பக்கத்து ஷெட்டெல்லாம் தூண் மேல் நிற்கும், தரையிலிருந்து ஆறடி உயரம். இறங்கும்போது மூன்றாம் படியில் கண் இருட்டியது. அவ்வளவுதான் தெரியும். முட்டை பொறுக்குகிற அம்மா, "அய்யோ, மொதலாளி உளுந்துட்டாருங்கோ!" என்று கத்தியது மட்டும் எங்கேயோ கேட்டது.

இடது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நம்ம சிறுநீரக டாக்டரே என் கட்டிலுக்கு வந்தார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது.

"கிரியாட்டினின் ஏறியிருக்கு. நீங்க குடுக்கிறேன்னு சொன்ன கிட்னியையே அடிச்சிருக்கீங்க சார். யார் சொல்லி இப்படிப் பண்ணினீங்க?"

என்னவென்று சொல்வது? கோழிக்குச் செய்வோமுங்க என்றேன். அவர் அறிக்கையை மடித்தார். கிட்னி சரியாகிவிடும், ஆனால் மூன்று மாதத்துக்கு எந்தப் பரிசோதனையும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். எங்களுக்கு ஒரே பெண். இருபத்தைந்து வயது. அந்த வருடம்தான் ஜாதகத்தை வெளியே எடுத்திருந்தோம். வந்தவள், ஒரு அறையில் அம்மா, ஒரு அறையில் அப்பா என்று இரண்டு கட்டிலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். நான் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு தின்றேன். வேறு என்ன செய்வது? பட்டினி கிடந்த உடம்பு பேய் மாதிரிக் கேட்டது. பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் மைசூர்பாகும் மிக்சரும் வாங்கி வந்தார்கள். ஒரு கிலோ பாக்கெட்டை ஒரே பகலில் காலி செய்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதிருக்கிறேன். எட்டு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்து நிறுத்தால் நூற்று ஆறு. ஆரம்பித்த இடத்திலிருந்து இரண்டு கிலோ மேலே.

அன்றைக்கு மகள் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, இனிமே தொண்ணூறுன்னு நீங்க பேசவே கூடாதுங்க. இந்த வாரம் அரைக் கிலோ. அடுத்த வாரத்தை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"அரைக் கிலோ கோழிக் குஞ்சுதான் ஏறும்."

"நீங்க இறங்குங்க, போதும்."

தட்டைப் பெண்ணே போட்டாள். காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலும். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மூன்று கரண்டி காய். பொழுதோட ஒரு ராகி தோசை, ஏழு மணிக்குப் பிறகு அடுப்படிப் பக்கம் போகக்கூடாது. ஆரம்பத்தில் அவளைத் திட்டாத திட்டில்லை. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து என்னை எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறாள், ஊரே பார்த்துச் சிரித்தது. பெரிய மாமன் ஒருத்தர், "ஏஞ் சாமி, உங்கொப்பனுக்கு முட்டைக்குப் பதிலாத் தவுடு வெச்சுப் பாரேன்" என்று நக்கல் விட்டார். அவளும் சளைக்காமல், "அது ஊட்டுல தீர்ந்துபோச்சுங்க மாமா" என்றாள்.

நடை டயாலிசிஸ் நாளில்தான் முறையாக ஆரம்பித்தது. நான்கு மணி நேரம் வராண்டாவில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பதற்குப் பதில் நடங்கள் என்று என்னைத் துரத்திவிட்டு, அம்மாவோடு அவள் இருந்துகொள்வாள். முதல் நாள் அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை போனேன். பிளேட் வைத்த கால் தீயாக எரிந்தது. ஆட்டோ பிடித்துத் திரும்பி, அவளுக்குத் தெரியாமல் முன்னாலேயே இறங்கி, நடந்து வந்தவன் போல உள்ளே நுழைந்தேன். மறு வாரம் கோரிமேடு பக்கம். அதற்கடுத்து இன்னும் நான்கு மின்கம்பம். அடுத்த கம்பம் வரைக்கும், அடுத்த கம்பம் வரைக்கும் என்று என்னை நானே கெஞ்சிக்கொண்டு போவேன். மூன்றாவது மாதம் கொண்டப்பநாயக்கன்பட்டி வந்துவிட்டது. மலையேறுகிற வண்டிகள் டீ குடிக்க நிற்கிற இடம். அங்கே ஒரு கடையில் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். ஏற்காடு போகிற குடும்பங்கள் கார் கதவைத் திறந்து வைத்துப் பரோட்டா தின்னும். அந்த வாசனைக்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

எடை இறங்கியது. நூற்று மூன்று, நூற்றொன்று, தொண்ணூற்றெட்டரை. டாக்டர் சொன்ன அதே அளவில், மாசத்துக்கு இரண்டு, இரண்டரை என்று இறங்கியது. அந்த மனிதர் முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் இறங்க இறங்க என் மனைவி ஏறினாள். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூன்று கிலோ, மூன்றரை கிலோ, எல்லாம் நீர். ஆஸ்பத்திரித் தராசில் முதலில் அவளை ஏற்றுவார்கள். அவள் இறங்கியதும் நான் ஏறிக்கொள்வேன். நர்ஸ் இரண்டு எண்ணையும் படிப்பாள். அவளுடையதைக் கேட்டுவிட்டு என்னுடையதுக்குச் சந்தோஷப்பட ஒரு நாளும் முடிந்ததில்லை.

ஐந்தாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. நுரையீரலில் நீர். நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி சேர்த்தேன், எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. தீவிர சிகிச்சையில் வைத்து மூன்றாம் நாள் கண் விழித்தாள். நான்காம் நாள் டாக்டர் என்னையும் மகளையும் கூப்பிட்டார்.

"இதயம் பலவீனமாயிட்டு வருது. இன்னும் தள்ளிப்போட்டா ஆபரேஷனைத் தாங்கற நிலையில இருக்க மாட்டாங்க. இந்த மாசமே வெச்சாகணும்."

அன்றைக்கு நான் தொண்ணூற்று நான்கு.

"ஏனுங்க டாக்டர், நாலே கிலோங்க. பத்து நாள் குடுங்க. எப்படியாச்சும் எறக்கிப்போடறேன்."

"எப்படி? போன தடவை மாதிரியா?"

மேஜை மேல் கையை வைத்துக் கெஞ்சினேன். நான்கு கிலோவுக்கு எந்தச் சட்டம் தடுக்கிறது என்று கேட்டேன், கத்தினேன். எடை மட்டும் இல்லை, ரத்த அழுத்தமும் இப்போதுதான் இறங்கி வருகிறது, அது இரண்டு மாதம் ஒரே நிலையில் நின்றால்தான் என்னை ஆபரேஷன் மேஜையில் ஏற்றுவார்களாம். கத்தி முடித்து மூச்சு வாங்கியபோது, மகள் தன் பையிலிருந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். டாக்டர் அதைத் திறக்கவில்லை. அவருக்கு உள்ளே இருப்பது முன்பே தெரியும்.

ரத்த வகை, திசுப் பொருத்தம், ஸ்கேன், எல்லாம் அவள் பெயரில். நான் கொண்டப்பநாயக்கன்பட்டி போய்த் திரும்பிய அந்த நான்கு மணி நேரங்களில், அவள் ஒவ்வொரு பரிசோதனையாக முடித்திருக்கிறாள்.

வராண்டாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாஞ் சாமி. கல்யாணம் ஆகாத புள்ள நீ. நாளைக்கு ஒரு ஊட்டுக்குப் போகணும், புள்ள பெறணும். நான் இருக்கறேன்ல?"

"நீங்க ஒழுங்காத்தான் எறக்கினீங்கப்பா. நாளுதான் பத்தலை" என்றாள். என்னை அவள் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

மனைவியிடம் சொன்னபோது அவள் மகளைத் திட்டவில்லை, என்னைப் பார்த்தாள். மாஸ்க்கைக் கழற்றி, மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "அந்தப் பன்னெண்டு நாளு ஒழுங்காச் சோறு தின்னிருந்தீங்கன்னா, எம் புள்ள ஒடம்புல கத்தி படுமா? மெஷினைக் கழட்டச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

இரண்டு நாள் அவள் கையெழுத்துப் போடவில்லை. மகள்தான் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நீ போயிட்டா இந்த மனுசனோட ஆயுசுக்கும் நான்தான் சண்டை கட்டணும். என்னால ஆகாது. அதுக்கு ஒரு கிட்னி குடுக்கறது சுலபம்" என்றாள். மனைவிக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, அப்புறம் அழுகை வந்தது. மறுநாள் காலை கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நாளில் என் பெண்ணை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள், அரைமணி கழித்து என் மனைவியை. அந்த ஆறு மணி நேரமும் நான் உட்காரவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். வராண்டாவின் இந்த முனையிலிருந்து அந்த முனை. முதல் நாளே மாசத்துக்கு இரண்டு கிலோ என்று நடக்க ஆரம்பித்திருந்தால், போன மாதமே உள்ளே படுத்திருப்பது நானாக இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் இதைத்தான் கணக்குப் போட்டேன், ஒரு தடவைகூட வேறு விடை வரவில்லை.

இருவரும் பிழைத்து வந்தார்கள். அது போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிட்னி அன்றைக்கே வேலை செய்தது. மனைவிக்கு முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது. மகளுக்கு விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு. ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம் நான் எண்பத்தொன்பதே முக்கால் கிலோவுக்கு வந்தேன். தராசில் நின்றபடியே நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்னவென்று சொல்வது? அட கெரகமே என்று இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், விஷயத்தைக் கேட்டதும் போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க என்று எழுந்தது. சொல்லி அனுப்பவில்லை. மகள் மறுபடியும் வேலைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை வந்தால் என் தட்டை எட்டிப் பார்ப்பாள்.

போன மாதம் ஒரு மத்தியானம். நான் எண்பத்தாறு கிலோ. காலையில் எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். மனைவி சோறு போட்டாள். ஒரு கரண்டி போட்டதும் கை காட்டினேன். அவள் கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டாள்.

"போதும்."

"இன்னும் என்னத்துக்குங்க இப்படி வாயைக் கட்டறீங்க? அதான் எல்லாம் ஆகிப்போச்சே. இனி யாருக்குங்க குடுக்கப் போறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. "நம்ம புள்ளகிட்ட இப்ப ஒண்ணுதான் இருக்குது. நாளைக்கு அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அன்னைக்கும் போய் எனக்கு ஆறு மாசம் குடுங்கன்னு நிக்கச் சொல்றியா?"

 அவள் குனிந்து, என் தட்டிலிருந்து ஒரு கரண்டி சோற்றை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள்.